போகின்ற அணியும் இருக்கின்ற ஊரும்

ஓர் ஊர் தன் பொதுப் பணத்தில் எவற்றைக் கட்டிக்கொள்கிறது என்பதை வைத்தே அவ்வூர் மக்களின் மனத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம். சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைக் கட்டுவது இயல்பு. மனிதர் உண்டு உழைத்து உறங்குவதற்கு மட்டும் பிறந்தவர் அல்லர். கூடி மகிழவும் பிறந்தவர். ஆகவே, கூடி மகிழ்வதற்கான ஓர் இடத்தைப் பொதுப் பணத்தில் எழுப்புவதையும் நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால், அவ்விடத்தில் ஆடுகின்ற அணி தனியார் ஒருவரின் உடைமையாக இருந்து, நுழைவுச் சீட்டின் வருமானம் அவருடைய பெட்டியில் விழுந்து, விரும்பியபோது அணியை வேறோர் ஊருக்குக் கொண்டுபோகும் உரிமையும் அவரிடமே இருக்குமானால், அந்த அரங்கத்தைக் கட்டித் தரும் கடமை ஊர் மக்களுக்கு உண்டா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்தக் கேள்வி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு வருகிறது. சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் வாக்குச் சாவடிகளிலும் அதற்கு வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. அந்த நாட்டின் வரலாறு முழுவதையும் சொல்லப் புகுந்தால் ஒரு கட்டுரை போதாது. விஸ்கான்சின் என்ற ஒரு மாநிலத்தை, அதிலும் பெரும்பாலும் மில்வாக்கி என்ற ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டாலே போதும். அரங்கம் கட்டும் வழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்த மாநிலம் முயன்று பார்த்திருக்கிறது. அவ்வூர் மக்கள் செலுத்திய விலையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

அரங்கம் முன்னே, அணி பின்னே

மில்வாக்கி, மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள தொழில் நகரம். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறியவர்கள் அதன் தொழிற்சாலைகளிலும் பீர் வடிப்பாலைகளிலும் உழைத்து அதை வளர்த்தனர். கத்தோலிக்க ஆலயங்களின் கோபுரங்கள் தெருவுக்குத் தெரு உயர்ந்து நிற்கும் ஊர் அது. எனினும் அந்த ஊருக்கு ஒரு குறை இருந்தது. நாட்டின் முதல்தர பேஸ்பால் அணி எதுவும் அங்கே இல்லை.

பேஸ்பால் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் ஆட்டம். அமெரிக்கர்களுக்கு அது, நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் 10 நகரங்களில் 16 முதல்தர அணிகளே இருந்தன. 1903 முதல் 1952 வரை ஓர் அணிகூட ஊர் மாறவில்லை. அரங்கங்களையும் பெரும்பாலும் அணி உரிமையாளர்களே தம் பணத்தில் கட்டிக்கொண்டனர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1913 இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் பீல்டும், 1923 இல் திறக்கப்பட்ட யாங்கி அரங்கமும் அவ்வாறு எழுந்தவையே. 1931 இல் கிளீவ்லாந்து நகரம் தன் மக்களின் ஒப்புதலோடு கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டிய அரங்கம் போன்றவை விதிவிலக்குகள்.

மில்வாக்கி இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிற்று. நம் நாட்டு மாவட்டத்திற்கு ஒப்பான ஆட்சிப் பகுதியை அங்கே கவுண்டி என்பர். மில்வாக்கி கவுண்டி ஆட்சி, முதல்தர அணி ஒன்று கையில் இல்லாதபோதே, அப்படி ஓர் அணி வந்தால் ஆடத்தக்க அரங்கத்தைப் பொதுப் பணத்தில் கட்டத் தொடங்கிற்று. 1953 இல் கவுண்டி அரங்கம் ஆயத்தமானது. அதே ஆண்டு மார்ச்சு மாதம், பாஸ்டன் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஆடிவந்த பிரேவ்ஸ் அணி, தான் மில்வாக்கிக்குக் குடிபெயர்வதாக அறிவித்தது.

அதன் பின் நிகழ்ந்ததை எண்களே சொல்லும். 1952 இல் பாஸ்டனில் அந்த அணியின் ஆட்டங்களைக் காண வந்தவர்கள் 2,81,278 பேர். 1953 இல் மில்வாக்கியில் வந்தவர்கள் 18,26,397 பேர். 1954 முதல் 1957 வரை ஒவ்வோர் ஆண்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். வணிகர்கள் ஆட்டக்காரர்களுக்கு உணவுப் பொருள்களையும் பீரையும் விலையில்லாமல் வழங்கினர். ஓட்டிச் செல்ல மோட்டார் வண்டிகளையும் கொடுத்தனர். 1957 இல் பிரேவ்ஸ் அணி நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றபோது ஊரே தெருவில் திரண்டது. பொதுப் பணத்தில் கட்டிய அரங்கம் தன் விலையை மகிழ்ச்சியாகத் திருப்பித் தந்துவிட்டது என்று மில்வாக்கி மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

பிறர் கற்றுக்கொண்ட பாடம்

மில்வாக்கியின் வெற்றியை மற்ற அணிகளின் உரிமையாளர்களும் கூர்ந்து கவனித்தனர். அவர்களுள் ஒருவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் வால்டர் ஓமாலி. மில்வாக்கிக்குக் கிடைக்கும் வருமானத்தோடு தம் பழைய, சிறிய அரங்கம் போட்டியிட முடியாது என்று அவர் கருதினார். புரூக்ளினிலேயே தம் செலவில் புதிய அரங்கம் கட்ட அவர் முன்வந்தார். ஆனால் அதற்குரிய நிலத்தை நகராட்சி தன் அதிகாரத்தைப் பயன்படுத்திக் கையகப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டார். நியூயார்க்கின் கட்டுமானத் துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த இராபர்ட் மோசஸ் இதற்கு இசையவில்லை. 1957 ஆம் ஆண்டு ஆட்டப் பருவம் முடிந்ததும் டாட்ஜர்ஸ் அணி நாட்டின் மறுகோடியில் உள்ள லாஸ் ஏஞ்சல்சுக்குச் சென்றுவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் அந்த அணிக்குக் கொடுத்தது நிலம். நகரின் நடுப்பகுதிக்கு அருகே, சாவேஸ் ரவீன் எனப்படும் குன்றுப் பகுதியில், மெக்சிக்க வழிவந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மூன்று குடியிருப்புகளில் வாழ்ந்துவந்தன. அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். குழந்தை இயேசுவின் பெயரால் அவர்களுக்கு ஒரு சிற்றாலயமும் இருந்தது. 1950 இல் அரசின் கடிதம் ஒன்று அவர்களுக்கு வந்தது. அங்கே பொது வீட்டுவசதித் திட்டம் வரப்போகிறது என்றும், அவர்கள் தம் வீடுகளை விற்றுவிட்டு வெளியேற வேண்டும் என்றும், புதிய வீடுகள் எழும்போது அவர்களுக்கே முதல் உரிமை என்றும் அது கூறிற்று. மிகப் பலர் வெளியேறினர். பின்னர் அரசியல் காற்று மாறிற்று. பொது வீட்டுவசதி என்பதே பொதுவுடைமைச் சூழ்ச்சி என்ற கூச்சல் எழுந்தது. 1953 இல் அத்திட்டத்தை எதிர்த்தவர் மேயரானார், திட்டம் கைவிடப்பட்டது. பொதுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு நிலம் நகராட்சியிடம் வந்து சேர்ந்தது.

அந்த நிலத்தைத்தான் நகராட்சி டாட்ஜர்ஸ் அணிக்கு அளிக்க உடன்பட்டது. நகரில் அந்த அணிக்குச் சொந்தமாக இருந்த ஒரு சிறிய அரங்கத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டது. 1958 ஜூன் மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் சிறு வேறுபாட்டில் இதற்கு ஒப்புதல் தந்தனர். 1959 மே 8 அன்று, வெளியேற மறுத்து எஞ்சியிருந்தவர்களைக் காவலர்கள் வீட்டிலிருந்து அகற்றினர். ஒரு பெண்ணைக் கைகால்களைப் பற்றித் தூக்கிச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. வீடுகளை இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. 1962 ஏப்ரலில் அங்கே புதிய அரங்கம் திறக்கப்பட்டது.

அந்த அரங்கத்தின் கட்டடச் செலவை அணியே ஏற்றது என்பதை நாம் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆயினும், பொதுமக்கள் கொடுக்கும் கொடை எப்போதும் பணமாகவே இருப்பதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏழைகளுக்கு வீடு என்று வாக்களித்துப் பெற்ற மண், பொதுப் பயன்பாடு என்ற சொல்லின் பொருள் மெல்ல நீட்டப்பட்டதால் கைமாறிற்று. அவ்வேற்பாடு சட்டத்துக்கு உட்பட்டதே என்று கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1959 இல் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்த ஒன்றைக் குறித்து மனச்சான்று தனியே கேள்வி கேட்கத்தான் செய்கிறது.

வந்த வழியே போன அணி

ஓர் அணி பாஸ்டனைவிட்டு வர முடியுமானால், மில்வாக்கியைவிட்டும் போக முடியும். இந்த எளிய உண்மை மில்வாக்கி மக்களுக்குச் சில ஆண்டுகளுக்குள் விளங்கிற்று. 1962 இல் பிரேவ்ஸ் அணி புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறியது. தெற்கே அட்லாண்டா நகரம், மில்வாக்கி முன்பு செய்ததைப் போலவே, அரங்கம் ஒன்றைப் பொதுப் பொறுப்பில் எழுப்பிவைத்து அணியை அழைத்தது. 1964 இல் இடமாற்றம் உறுதியாயிற்று. குத்தகைக் காலம் முடியாததால் நீதிமன்றம் தலையிட்டு, 1965 ஆம் ஆண்டு முழுவதும் அணி மில்வாக்கியில் ஆட வேண்டும் என்று கட்டளையிட்டது. போகப்போவது தெரிந்த அணியைக் காண அவ்வாண்டு வந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 55 ஆயிரம் பேர் மட்டுமே. பதின்மூன்று பருவங்கள் ஆடிய அணி 1966 இல் அட்லாண்டாவில் ஆடத் தொடங்கிற்று.

விஸ்கான்சின் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. வணிக ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்தின்படி, ஓர் ஊரிலிருந்து அணியை எடுத்துச் சென்றுவிட்டு அங்கே வேறு அணியும் வர விடாமல் தடுப்பது குற்றம் என்பது அதன் வாதம். கீழ் நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் 1966 இல் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 1922 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் பேஸ்பாலை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவைத்திருந்ததே அதற்குக் காரணம்.

இந்த வழக்கு ஒரு முக்கிய உண்மையை வெளிப்படுத்தியது. அணிகளின் எண்ணிக்கையை அணி உரிமையாளர்களின் கூட்டமைப்பே முடிவு செய்கிறது. அணி வேண்டும் என்று காத்திருக்கும் ஊர்களின் எண்ணிக்கையைவிட அணிகளின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும். பத்துப் பேர் உள்ள பந்தியில் எட்டு இலை போட்டால் எல்லாரும் முந்தத்தான் பார்ப்பார்கள். அந்த முந்துதலில்தான் பொதுப் பணம் விலையாகக் கொடுக்கப்படுகிறது.

இழந்த மில்வாக்கி என்ன செய்தது? சியாட்டில் நகரில் 1969 இல் தோன்றிய பைலட்ஸ் என்ற அணி ஒரே ஆண்டில் நொடித்துப் போயிற்று. பட் செலிக் என்ற மில்வாக்கி வணிகரின் தலைமையில் ஒரு குழுவினர் அதை ஒரு கோடியே 8 லட்சம் டாலருக்கு வாங்கினர். நொடிப்பு நீதிமன்றம் ஒப்புதல் அளிக்கும்வரை, ஆட்டக்கருவிகளை ஏற்றிய வண்டி சியாட்டிலுக்குப் போவதா மில்வாக்கிக்குப் போவதா என்று தெரியாமல் யூட்டா மாநிலத்தில் வழியில் நின்றதாகச் சொல்வர். 1970 ஏப்ரலில் அந்த அணி புரூவர்ஸ் என்ற புதிய பெயரோடு மில்வாக்கியில் ஆடிற்று. தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதற்காக அழுத ஊர், மற்றோர் ஊரின் இழப்பில் ஆறுதல் தேடிக்கொண்டது.

சியாட்டிலின் கதை அதோடு முடியவில்லை. அணியைப் பெறுவதற்காக அந்நகரம் அடங்கிய கவுண்டியின் மக்கள் 1968 இலேயே கூரையிட்ட அரங்கம் ஒன்றுக்கு 4 கோடி டாலர் கடன் பத்திரத்தை ஒப்புக்கொண்டிருந்தனர். அந்த அரங்கம் 1976 இல் திறக்கப்பட்டது. வேறோர் அணியும் வந்தது. 1994 இல் அதன் கூரை ஓடுகள் பெயர்ந்து விழுந்தன. பெரும் பொருட்செலவில் பழுதுபார்த்தனர். எனினும் அணிகள் புதிய அரங்கங்களைக் கேட்டன. 2000 மார்ச்சு 26 அன்று அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டியதற்கும் பழுதுபார்த்ததற்குமான கடன் 2015 இல்தான் தீர்ந்தது. கட்டடம் இல்லாமற்போன பிறகும் பதினைந்து ஆண்டுகள் அதற்காக மக்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தனர்.

ஆயிரத்தில் ஒரு பங்கு

1990களில் புரூவர்ஸ் அணியும் புதிய அரங்கம் கேட்டது. பழைய அரங்கத்தின் வருமானம் போதவில்லை, புதியது இல்லையேல் மில்வாக்கியில் நீடிக்க இயலாது என்பதே வாதம். 1965 இன் வடு ஆறாத ஊருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1995 ஏப்ரலில், பரிசுச் சீட்டின் வழியாகப் பணம் திரட்டும் ஒரு திட்டத்தை விஸ்கான்சின் வாக்காளர்கள் நிராகரித்தனர். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், ஐந்து கவுண்டிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு விற்பனை வரி விதிக்கும் சட்டம் மாநில மேலவைக்கு வந்தது.

இரவு முழுவதும் விவாதம் நீண்டது. ரசீன் பகுதியின் உறுப்பினரான ஜார்ஜ் பெடாக், தம் பகுதியும் வரிக்கு உட்படுவதால் சட்டத்தை எதிர்ப்பதாகச் சொல்லியிருந்தார். விடியற்காலை நடந்த வாக்கெடுப்பில் அவர் மனம் மாறி ஆதரித்தார்; 16 க்கு 15 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. ரசீன் மக்கள் அதை மறக்கவில்லை. 1996 ஜூனில் நடந்த திரும்பப் பெறும் தேர்தலில் அவர் பதவி இழந்தார். விஸ்கான்சின் வரலாற்றில் அவ்வாறு பதவி நீக்கப்பட்ட முதல் சட்டமன்ற உறுப்பினர் அவரே. அவருக்குப்பின் வந்தவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராதலால் மேலவையின் பெரும்பான்மையே மாறிற்று. ஆனால் வரி மாறவில்லை.

ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பது கேட்பதற்குச் சிறியது. அச்சிறுமையே அதன் வலிமை. ஒருவரும் அதைக் கனமாக உணர்வதில்லை. ஆனால் ஒருவரும் அதிலிருந்து தப்புவதும் இல்லை. ஆட்டம் பார்க்க ஒரு நாளும் போகாத விதவையும், பிள்ளைக்குச் சட்டை வாங்கும் கூலித் தொழிலாளியும் கொடுத்தனர். புதிய அரங்கத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 40 கோடி டாலர். வட்டியும் பராமரிப்பும் சேர, 2020 மார்ச்சு மாதம் வரி நிறுத்தப்படும்வரை மக்களிடமிருந்து திரட்டப்பட்டது 60 கோடி டாலருக்கும் மேல்.

அந்த அரங்கத்திற்கு உயிரையும் விலையாகக் கொடுத்தவர்கள் உண்டு. 1999 ஜூலை 14 அன்று, திறந்து மூடும் கூரையின் ஒரு பகுதியைப் பலத்த காற்றில் தூக்கும்போது மாபெரும் பாரந்தூக்கி சரிந்து மூன்று இரும்பு வேலைத் தொழிலாளர்கள் இறந்தனர். 2001 இல் அரங்கம் திறக்கப்பட்டது. அவர்களுடைய நினைவாக ஒரு சிலை அதன் வாயிலருகே நிற்கிறது.

2005 இல் புரூவர்ஸ் அணி 22 கோடியே 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 1970 இல் வாங்கிய விலையை மேலே குறிப்பிட்டோம். இந்த உயர்வுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பொதுப் பணத்தில் எழுந்த புதிய அரங்கம் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. வரி செலுத்திய ஐந்து கவுண்டி மக்கள் அணியின் பங்குதாரர்கள் அல்லர். 2023 டிசம்பரில், அதே அரங்கத்தைப் புதுப்பிக்க ஏறத்தாழ 50 கோடி டாலர் பொதுப் பணம் ஒதுக்கும் சட்டத்தில் மாநில ஆளுநர் கையெழுத்திட்டார். ஈடாக, 2050 வரை மில்வாக்கியில் ஆட அணி உடன்பட்டது.

பரிசாக வந்த அரங்கம்

பொதுப் பணமும் இல்லாமல், அணியின் பணமும் இல்லாமல் ஓர் அரங்கம் எழுமா? மில்வாக்கியில் எழுந்தது. ஜேன் பிராட்லி பெட்டிட் என்ற செல்வப் பெண்மணியும் அவருடைய கணவரும், ஜேனின் தந்தையின் நினைவாக, சுமார் 9 கோடி டாலர் செலவில் உள்ளரங்கம் ஒன்றைக் கட்டி ஊருக்குக் கொடையாக அளித்தனர். 1988 இல் திறக்கப்பட்ட பிராட்லி சென்டர் அதுவே. மில்வாக்கி பக்ஸ் என்ற கூடைப்பந்து அணி அங்கே ஆடியது.

முப்பது ஆண்டுகள்கூட அந்தக் கொடை நிலைக்கவில்லை. கட்டடம் இடிந்து விழவில்லை. ஆடம்பர இருக்கைகளும் விற்பனைக் கூடங்களும் போதாது என்று கூடைப்பந்துக் கூட்டமைப்பு கருதிற்று. 2014 இல் பக்ஸ் அணி 55 கோடி டாலருக்கு விற்கப்பட்டபோது, 2017 க்குள் புதிய அரங்க ஏற்பாடு உறுதியாகாவிட்டால் கூட்டமைப்பே அணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனை இருந்தது. அணியை விற்ற ஹெர்ப் கோல் 10 கோடி டாலரும், வாங்கியவர்கள் 15 கோடி டாலரும் தர முன்வந்தனர் என்பது பாராட்டத்தக்கது. எஞ்சிய 25 கோடி டாலரைப் பொதுமக்கள் ஏற்கும் சட்டம் 2015 இல் நிறைவேறியது. 2018 இல் புதியது திறக்கப்பட்டது. கொடையாக வந்த பழையது இடிக்கப்பட்டது. இலவசமாகக் கிடைத்த அரங்கத்தாலும் ஊரின் அச்சத்தைப் போக்க முடியவில்லை என்பதை இங்கே காண்கிறோம்.

கிரீன் பே கண்ட வழி

மில்வாக்கிக்கு வடக்கே, அதே விஸ்கான்சினில், கிரீன் பே என்ற ஊர் உண்டு. மக்கள் தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்ற பேக்கர்ஸ் அணி இந்தச் சிற்றூருக்கு உரியது. 1919 இல் தொடங்கிய அந்த அணி பணமுடையால் தள்ளாடியபோது, 1923 இல் ஊர் மக்களுக்குப் பங்குகளை விற்று இலாப நோக்கில்லாத கழகமாக அமைந்தது. பின்னும் சில முறை பங்குகள் விற்கப்பட்டன. இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. அதை இலாபத்துக்கு விற்கவும் முடியாது. அணியை எவரேனும் விற்றாலும் அந்தப் பணம் பங்குதாரர்களுக்குச் சேராது. அறப்பணிக்கே செல்லும் என்று விதி செய்துள்ளனர். ஆகவே அணியை விற்பதில் ஒருவருக்கும் இலாபமில்லை. போய்விடுவோம் என்று ஊரை அச்சுறுத்த ஒருவருமில்லை.

நம் திருச்சபை வழக்கில் பங்கு என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்கள் கூட்டத்தையே பங்கு என்கிறோம். எடுத்துச் செல்வதற்காக உள்ள பங்கு ஒன்று. சேர்ந்து இருப்பதற்காக உள்ள பங்கு மற்றொன்று. கிரீன் பே மக்கள் வாங்கியது இரண்டாம் வகையைச் சேர்ந்தது எனலாம்.

அங்கும் பொதுப் பணம் செலவாகவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1957 இல் திறந்த அரங்கத்துக்கு மக்கள் வாக்களித்துக் கடன் பத்திரம் வெளியிட்டனர். 2000 இல் அதைப் புதுப்பிக்க நூற்றுக்கு அரை பங்கு விற்பனை வரியை, சுமார் 53 விழுக்காட்டு வாக்குகளால், பிரவுன் கவுண்டி மக்கள் தாமே ஏற்றுக்கொண்டனர். அந்த வரி 2015 இல் நிறுத்தப்பட்டது. மில்வாக்கி வரியைவிட அது ஐந்து மடங்கு பெரிது. ஆயினும் வரி கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு வாங்கினார்கள். கொடுத்ததும் ஊரைவிட்டுப் போகாத ஒன்றுக்கே போய்ச் சேர்ந்தது. இத்தகைய பொது உடைமையை மற்ற அணிகள் பின்பற்ற முடியாதபடி கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகள் பிற்காலத்தில் தடுத்துவிட்டன. நல்ல வழி ஒன்று இருக்கிறது என்பதை அறிந்தே கதவை அடைத்திருக்கிறார்கள்.

கணக்கும் மகிழ்ச்சியும்

அரங்கங்களை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்வது, அவை வேலைவாய்ப்பையும் வணிகத்தையும் பெருக்கும் என்பது. பொருளியல் அறிஞர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய இருவரும் தொகுத்து 1997 இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட நூல், போட்ட பொதுப் பணத்துக்கு ஏற்ற பொருளாதாரப் பயனை இந்த அரங்கங்கள் ஊருக்குத் தரவில்லை என்ற முடிவுக்கு வந்தது. பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே உறுதி செய்தன. காரணம் எளிது. ஆட்டத்துக்கு ஒரு குடும்பம் செலவிடும் பணம், அரங்கம் இல்லாவிட்டால் அதே ஊரின் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவாகியிருக்கும். ஊருக்குள் பணம் இடம் மாறுகிறதே தவிர, புதிதாகப் பிறப்பதில்லை. ஆட்டக்காரர்களின் பெரிய ஊதியமும் பெரும்பாலும் அவ்வூரில் தங்குவதில்லை.

நாட்டின் வரிச் சட்டமும் இதில் ஒரு விந்தையை விளைவித்தது. ஊராட்சிகளின் கடன் பத்திர வட்டிக்கு மைய அரசின் வருமான வரி கிடையாது. தனியார் அரங்கங்களுக்கு இச்சலுகை போகக் கூடாது என்று 1986 இல் சட்டத்தைத் திருத்தினர். கடனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அரங்கத்தின் வருமானத்திலிருந்து அடைக்கப்பட்டால் சலுகை இல்லை என்பது அதன் சாரம். அரங்கத்துக்குச் சலுகை வேண்டும் என்று விரும்பிய ஊர்கள் என்ன செய்தன? அணியிடம் வாடகையைக் குறைத்துவிட்டுப் பொது வரியிலிருந்து கடனை அடைத்தன. தடுப்பதற்காக எழுந்த சுவர், சுமையை முழுவதும் மக்கள்மேல் சாய்க்கும் சுவராக மாறிற்று.

ஆட்சியாளர்களை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. அணி போய்விட்டால், போகவிட்டவர் என்ற பழி அவர்களுக்கே வரும். அந்த அச்சத்தை வளர்த்தவர்களில் ஆட்டத்தை உயிராக நேசித்த மக்களும் உண்டு. 1957 இல் மில்வாக்கித் தெருக்களில் பொங்கிய மகிழ்ச்சி பொய்யன்று. எந்தப் பொருளியல் அட்டவணையிலும் அது அடங்காது. மகிழ்ச்சிக்காக ஓர் ஊர் செலவிடலாம். ஆனால் மகிழ்ச்சியை வளர்ச்சி என்று பெயர் மாற்றி விற்கும்போது, அதை வாங்குகிறவர்களுக்கு உண்மையான விலை மறைக்கப்படுகிறது.

எனவே, பொதுப் பணம் கேட்கப்படும் இடத்தில், அது அரங்கமாயினும் வேறெதுவாயினும், மூன்று கேள்விகளை நாம் கேட்டுப் பழக வேண்டும். இதனால் வரும் பேறு யாருக்கு உரியது? இதைவிட்டுப் போகும் உரிமை யாரிடம் இருக்கிறது? கொடுக்கப்போகிறவர்களிடம் யாராவது கேட்டார்களா? மூன்றுக்கும் ஒரே மக்கள் விடையாக வரும்போது அதைப் பொதுநன்மை என்று தயங்காமல் அழைக்கலாம். வெவ்வேறு பெயர்கள் வருமானால், பொது என்ற சொல்லை யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

பிரேவ்ஸ் அணி அட்லாண்டாவிலும் நிலையாக ஓர் அரங்கத்தில் இருந்துவிடவில்லை. 1997 இல் புதிய அரங்கம் ஒன்றுக்குச் சென்றது. 2017 இல் நகர எல்லையைக் கடந்து அருகிலுள்ள காப் கவுண்டிக்குச் சென்றது. அங்கே சுமார் 30 கோடி டாலர் பொதுப் பணம் அதற்காக ஒதுக்கப்பட்டது. 2013 நவம்பரில் செய்தி வெளியான ஏறத்தாழ இரண்டு வாரங்களில், பொது வாக்கெடுப்பு ஏதுமின்றி, கவுண்டி மன்றம் ஒப்புதல் அளித்துவிட்டது. முதன்முதலில் அந்த அணியை அழைத்த மில்வாக்கி கவுண்டி அரங்கத்தை 2001 பிப்ரவரியில் இடித்தார்கள். அது நின்ற இடத்தின் ஒரு பகுதியில் இன்று சிறுவர்கள் ஆடுவதற்கான சிறிய திடல் ஒன்று இருக்கிறது. அங்கே ஆடுகிற பிள்ளைகள் அவ்வூர்ப் பிள்ளைகள்.